பத்திரிகை மேசையும் திருமறைப் பணியும்

பேசும் நாவும் எழுதும் பேனாவும் அல்லாஹ் மனிதனிடம் ஒப்படைத்த அமானிதங்கள். நாவின் பொறுப்பைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். பேனாவின் பொறுப்பைப் பற்றிக் கேட்பது குறைவு. எழுதிப் பிழைக்கிறவர்கள் ஊருக்கு நாலைந்து பேர் என்றிருந்த காலத்தில் அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. இன்றோ கைப்பேசி இல்லாத வீடில்லை. நம்முடைய பழனி மலைப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது, வண்டி போகாது என்று யாரோ ஒருவர் அனுப்புகிறார். பெற்றவர் விசாரிப்பதில்லை, உடனே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறார். வத்தலக்குண்டில் ஒரு நிக்காஹ் வீட்டார் பயணத்தை நிறுத்துகிறார்கள். கொடைக்கானலில் காய்கறி மூட்டைகள் வண்டியில் ஏறாமல் கிடக்கின்றன. மதுரை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட நோயாளி பாதி வழியில் திரும்புகிறார். கடைசியில் பார்த்தால் மண்ணும் சரியவில்லை, மரமும் சாயவில்லை!

செய்தி கொண்டுவருகிறவனை விசாரித்துத் தெளிய வேண்டும் என்பதை ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் நமக்குக் கட்டளையாகவே விதித்திருக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே உண்டு. ஹதீஸ் கலை இமாம்கள் இந்தக் கட்டளையைத் தங்கள் வாழ்நாள் வேலையாகவே ஆக்கிக்கொண்டார்கள். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று அலசி ஆராய்ந்த பிறகே ஒரு ரிவாயத்தை ஏட்டில் ஏற்றினார்கள். நல்ல பத்திரிகாசிரியன் தன் மேசைக்கு வரும் ஒவ்வொரு செய்தியையும் கடிதத்தையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதாம்.

அந்த மேசையில் அமர்ந்து, பிறந்த நாட்டின் கோபத்தையும் பொருட்படுத்தாமல் எழுதி, பிறகு அதே பேனாவைத் திருக்குர்ஆனின் பொருளை ஆங்கிலத்தில் தரும் பணிக்கு அர்ப்பணித்த ஒரு பெரியாரின் வரலாற்றை இந்த இதழில் எழுத நாடினோம். அவர்தாம் மர்ஹூம் முஹம்மது மார்மடியூக் பிக்தால் அவர்கள்.

மலையேறிய ஆங்கிலேயரும் மக்களிடம் வந்த ஆங்கிலேயரும்

கொடைக்கானல் உருவான கதை நம் வாசகர்களுக்குத் தெரியாததன்று. 1845-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதிரிமார்கள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி இந்த மலையில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் ஏரியை அமைத்தார். பிறகு பங்களாக்களும் கிளப்பும் பள்ளிக்கூடங்களும் வந்தன. ஆங்கிலேயர் இந்த நாட்டில் வாழ்ந்த முறைக்கு இந்த மலைநகரங்கள் நல்ல சான்று. ஆள்வது கீழே, இளைப்பாறுவது மேலே. மக்களைப் பார்ப்பது கச்சேரியில், பழகுவது தங்கள் இனத்தாரோடு மட்டும். நாற்பது ஆண்டு இந்நாட்டில் இருந்தும் மக்களின் மனத்தை அறியாமலே கப்பலேறிப் போனவர்கள் அவர்களில் மிகப் பலர்.

அந்த இனத்திலேயே பிறந்து அந்த வேலியைத் தாண்டி வந்தவர் பிக்தால். 1875-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை சார்லஸ் பிக்தால் ஆங்கிலத் திருச்சபையின் பாதிரியார். ஸஃபோக் மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் சபைப் பணி செய்தவர். மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே, 1881-ல் தந்தை இறந்துவிட்டார். தாய்தான் வளர்த்தார். பெருங்குடிப் பிள்ளைகள் படிக்கும் ஹாரோ பள்ளியில் சேர்த்தார்கள். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராக வந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதே காலத்தில் அங்கே படித்தவர். இருவரும் ஒரே பள்ளியின் பிள்ளைகள். ஒருவர் பேரரசைக் காப்பதற்காக வாழ்ந்தார். மற்றவர் அந்தப் பேரரசால் ஆளப்பட்டவர்களின் பக்கம் வந்து நின்றார். அல்லாஹ் நாடியவர்களை நாடிய வழியில் நடத்துகிறான்!

இளைஞரான பிக்தாலுக்கு மொழிகளில் இயல்பாகவே நாட்டம் இருந்தது. கிழக்கு நாடுகளில் ஆங்கிலத் தூதரகப் பணிக்கான தேர்வை எழுதினார். மொழிப் பாடங்களில் சிறந்து விளங்கியும் வேலை கிடைக்கவில்லை. அந்தத் தோல்விதான் அவருக்கு வாழ்வின் வாசலைத் திறந்தது. 1894-ல் தாயாரின் அனுமதியோடு எகிப்துக்குப் புறப்பட்டார். அங்கிருந்து பாலஸ்தீனம், சிரியா என்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சுற்றினார். வெள்ளைக்காரர் தங்கும் விடுதிகளை விட்டு விலகி, அரபிகளின் உடையை உடுத்தி, அவர்களுடைய உணவை உண்டு, கிராமத்தாரோடும் வழிப்போக்கரோடும் பழகி அரபி மொழியைக் கற்றார். அவரைக் கவர்ந்தது அம்மக்களின் செல்வமல்ல. ஏழ்மையிலும் அவர்களுக்கு இருந்த மன நிம்மதிதான்.

திமிஷ்கின் பெரியவர் சொன்ன அறிவுரை

இங்கே நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. திமிஷ்க் நகரின் உமையாப் பள்ளிவாசலில் உலமாக்களின் தலைவராக விளங்கிய முதியவர் ஒருவரிடம் பிக்தால் அரபிப் பாடம் ஓதி வந்தார். ஒரு நாள் உள்ளம் பொங்கி, தாம் இஸ்லாத்தில் சேர விரும்புவதாக அந்த ஆசிரியரிடம் தெரிவித்தார்.

வேறு எவராவது இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? பாதிரியின் மகன், ஆங்கிலக் குடிமகன், தாமாகவே வந்து நிற்கிறான்! ஊரைக் கூட்டி ஊர்வலம் நடத்தியிருப்பார்கள். அந்தப் பெரியவரோ முதலில் தாயாரைப் பற்றி விசாரித்தார். தாய் உயிரோடு இருப்பதை அறிந்ததும், அவசரப்பட வேண்டாம், இன்னும் வயது முதிரட்டும், தாய்நாட்டுக்குத் திரும்பி நன்றாகச் சிந்தித்த பிறகு முடிவு செய்யலாம் என்று அறிவுறுத்தினார். அந்நிய நாட்டில் தன்னந்தனியாக இருக்கும் ஓர் இளைஞனின் உணர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்வது முறையன்று என்பது அவருடைய கருத்து. நம் பிள்ளைகள் கிறிஸ்தவர்களிடையே தனியே இருக்கும்போது அவர்கள் நம் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் விரும்புவோமோ, அப்படியே நாமும் நடக்க வேண்டும் என்று அவர் எண்ணினார்.

இந்த நேர்மைதான் பிக்தாலின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. வாதம் செய்து வெல்லப் பார்த்திருந்தால் அவர் எதிர்வாதம் செய்திருக்கக்கூடும். தாயின் உரிமையை முன்வைத்த மார்க்கத்தை அவரால் மறக்க முடியவில்லை. அந்த விதை முளைவிட இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தஃவத் பணியில் ஈடுபடும் நம் சகோதரர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். விளைச்சலைக் காணும் அவசரம் நமக்கு, விளைவிப்பவன் அல்லாஹ்.

பேனாவுக்குக் கிடைத்த புகழும் அதை இழந்த விதமும்

தாய்நாடு திரும்பிய பிக்தால் 1896-ல் மூரியல் என்னும் பெண்மணியை மணந்தார். எழுத்தையே தொழிலாகக் கொண்டார். 1903-ல் வெளிவந்த சயீத் என்னும் மீனவனின் கதை அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. எச். ஜி. வெல்ஸ், ஈ. எம். ஃபார்ஸ்டர் போன்ற பெரிய எழுத்தாளர்கள் அவருடைய நாவல்களைப் பாராட்டினார்கள். கிழக்கு நாட்டு மக்களை ஐரோப்பியர் வேடிக்கைப் பொருளாக எழுதிவந்த காலத்தில், அவர்களையும் நல்லதும் கெட்டதும் கலந்த மனிதர்களாக எழுதியவர் என்று மதிக்கப்பட்டார்.

அந்தப் புகழோடு அவர் அமைதியாக வாழ்ந்திருக்கலாம். 1912-ல் பால்கன் போர் மூண்டது. உதுமானியத் துருக்கியின் மீது நான்கு நாடுகள் பாய்ந்தன. ஆங்கிலப் பத்திரிகைகள் துருக்கியரின் கொடுமைகளை மட்டும் பக்கம் பக்கமாக எழுதின. முஸ்லிம் கிராமங்கள் பட்ட பாட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிக்தால் என்ன செய்தார்? இங்கிருந்தே எதிர்க்கட்டுரை எழுதிக்கொண்டிருக்காமல் 1913-ல் துருக்கிக்கே போனார். மக்களிடையே தங்கினார். கண்ணால் கண்டவற்றை எழுதினார். அந்த நூல் 1914-ல் வெளிவந்தது. விசாரித்துத் தெளிதல் என்னும் அந்தக் குர்ஆனியக் கட்டளையை, இஸ்லாத்தைத் தழுவுவதற்கு முன்னரே அவர் செயலில் காட்டினார் என்றால் அது மிகையன்று.

அதே 1914-ல் உலகப் போர் தொடங்கி, இங்கிலாந்தும் துருக்கியும் எதிரிகளாயின. அப்போதும் துருக்கியோடு சமாதானம் வேண்டும் என்று அவர் எழுதியும் பேசியும் வந்தார். போர்க்காலத்தில் எதிரி நாட்டுக்காகப் பரிந்து பேசுகிறவனை எந்த அரசு விரும்பும்? அதிகாரிகள் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். நண்பர்கள் விலகினார்கள். நாவலாசிரியராக அவர் சேர்த்த செல்வாக்கு கரைந்தது.

1917-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், லண்டன் முஸ்லிம் இலக்கியச் சங்கத்தில் இஸ்லாமும் முன்னேற்றமும் என்ற பொருளில் அவர் ஆற்றிய சொற்பொழிவின் முடிவில், தாம் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டதை வெளிப்படையாக அறிவித்தார். வயது நாற்பத்திரண்டு. திமிஷ்கின் பெரியவர் சொன்னபடி வயது முதிர்ந்தது, சிந்தனையும் முதிர்ந்தது. அல்ஹம்து லில்லாஹ்! அதன் பிறகு லண்டனில் முஸ்லிம்களுக்குத் தொழுகை நடத்துவதும், முஸ்லிம்களின் நியாயத்தை எடுத்துரைக்கும் பத்திரிகைகளில் பணியாற்றுவதுமாக அவருடைய காலம் கழிந்தது.

பம்பாயில் ஆங்கிலேயப் பத்திரிகாசிரியர்

இந்தச் சமயத்தில்தான் இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. பம்பாய் கிரானிக்கிள் என்பது பிரோஸ்ஷா மேத்தா அவர்கள் தொடங்கிய தேசியப் பத்திரிகை. அதன் ஆசிரியராயிருந்த ஹார்னிமன் என்னும் ஆங்கிலேயர் இந்தியருக்காக எழுதிய குற்றத்துக்காக, 1919-ல் ஆட்சியாளர்கள் அவரைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நாற்காலியில் அமர ஒருவர் வேண்டும். பம்பாயின் ஆலை அதிபரும் தேசியவாதியுமான உமர் சுபானி அவர்கள் பிக்தாலை அழைத்தார். 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிக்தால் பம்பாய் வந்து சேர்ந்தார்.

அது எப்படிப்பட்ட காலம்! ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. துருக்கியைத் துண்டாடும் செவ்ரே உடன்படிக்கை அந்த ஆகஸ்டில்தான் கையெழுத்தாகியிருந்தது. கிலாஃபத் இயக்கமும் காந்தியடிகளின் ஒத்துழையாமையும் ஒன்றாகக் கைகோத்து நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தன. முன்னிருந்த ஆசிரியருக்கு என்ன நேர்ந்தது என்பது தெரிந்தும் பிக்தால் அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

அவர் உருது கற்றார். முஸ்லிம்களோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழுதார். இந்தியரான சையத் அப்துல்லா பரேல்வி போன்ற துணையாசிரியர்களோடு தோளோடு தோள் நின்று உழைத்தார். கிலாஃபத்துக்காகவும் சுயராஜ்யத்துக்காகவும் தலையங்கங்கள் எழுதினார். ஆறு மாதத்துக்குள் பத்திரிகையின் விற்பனை இரு மடங்காயிற்று. காந்தியடிகளின் அஹிம்சை வழியை அவர் உளமார ஆதரித்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் பிளவுபடலாகாது என்பதில் உறுதியாக நின்றார். முஸ்லிம்களின் உரிமைக்காக எழுதுகிறவர் அண்டை வீட்டாரின் மனத்தைப் புண்படுத்தி எழுத வேண்டியதில்லை என்பதற்கு அவருடைய பத்திரிகைப் பணி சான்றாக நிற்கிறது.

ஆனால் சோதனை வராமல் போகவில்லை. போலீஸ் சுட்டு இந்தியர்கள் உயிரிழந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றிக் கிரானிக்கிள் வெளியிட்டவை உண்மைக்கு மாறானவை என்று வழக்கு வந்தது. 1924-ல் பத்திரிகைக்கு எதிராகத் தீர்ப்பாகிப் பெரும் அபராதம் விதிக்கப்பட்டது. பிக்தால் ஆசிரியர் பதவியிலிருந்து விலகினார். பரேல்வி அந்த இடத்துக்கு வந்தார்.

அன்றைய நீதிமன்றம் யாருடையது என்பது நமக்குத் தெரியும். சுட்டவர்களின் அரசே நீதிமன்றத்தையும் வைத்திருந்தது. இருந்தாலும், பேனா பிடிப்பவன் இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் சிறியதன்று. பலம் மிக்கவனை எதிர்த்து எழுதுகிறவனுக்கு ஒரு வரியில்கூடச் சந்தேகத்துக்கு இடம் வைக்கும் வசதி கிடையாது. அநியாயக்காரன் பெரும்பொய்யைச் சொல்லித் தப்பிவிடுவான். நியாயம் கேட்பவனின் சின்னப் பிழையைப் பிடித்துக்கொண்டு நியாயம் முழுவதையுமே பொய்யென்று சாதித்துவிடுவான். நம்முடைய சமுதாயத்துக்கு அநீதி இழைக்கப்பட்டதாக வரும் செய்தியை நாம் இரண்டு மடங்கு கவனத்தோடு விசாரிக்க வேண்டியது இதனால்தான். உண்மையான அநீதிகளே போதுமான அளவு இருக்கும்போது, ஆராயாமல் பரப்பிய ஒரு பொய் அவற்றையும் சேர்த்துப் புதைத்துவிடும்.

அந்த 1924-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இன்னொரு இடியும் விழுந்தது. எந்தக் கிலாஃபத்துக்காக லட்சக்கணக்கான இந்திய முஸ்லிம்கள் சிறை சென்றும் பொருளை வாரிக் கொடுத்தும் போராடினார்களோ, அதைத் துருக்கிச் சட்டமன்றமே ஒழித்துவிட்டது. பிக்தாலின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எதற்காக எழுதினாரோ அந்த இலட்சியம் போயிற்று. எங்கிருந்து எழுதினாரோ அந்த மேசையும் போயிற்று. வயதோ ஐம்பதை நெருங்கிவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் மனிதர்கள் மனமுடைந்து ஊர் திரும்புவார்கள். அல்லது கசப்பையே எழுத்தாக்குவார்கள். அவர் இரண்டையும் செய்யவில்லை.

ஹைதராபாத்தும் சென்னையும்

1925-ல் ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலீ கான் அவர்களின் அரசுப் பணியில் சேர்ந்தார். சாதர்காட் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் பொறுப்பு கொடுக்கப்பட்டது. நாடறிந்த நாவலாசிரியர், பெருநகரப் பத்திரிகையின் ஆசிரியர், இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு வாத்தியார்! அதை அவர் இழிவாகக் கருதவில்லை. மாணவர்களுக்காக மனமொன்றி உழைத்தார். பிறகு 1927-ல் ஹைதராபாத்திலிருந்து இஸ்லாமியக் கலாசாரம் பற்றிய ஆங்கிலக் காலாண்டிதழ் ஒன்று தொடங்கப்பட்டு, அதன் ஆசிரியரானார். அன்றாடச் செய்தியின் பரபரப்பிலிருந்து ஆராய்ச்சியின் நிதானத்துக்கு அவருடைய பேனா திரும்பியது. அவருக்குப் பின் அந்த இதழின் ஆசிரியராக அமர்ந்தவர் முஹம்மது அஸத் அவர்கள் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. அன்னாரும் ஐரோப்பாவில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய பத்திரிகையாளர்.

தமிழ்நாட்டு முஸ்லிம்களாகிய நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி ஒன்று இந்தக் காலத்தில் நடந்தது. சென்னைத் தோல் வணிகரும் கல்வி வள்ளலுமான ஜமால் முஹம்மது ஸாஹிப் அவர்களின் பொருளுதவியால் சென்னையில் இஸ்லாமியச் சொற்பொழிவு வரிசை ஒன்று ஏற்பாடாகியிருந்தது. திருச்சியில் 1951-ல் தோன்றிய ஜமால் முஹம்மது கல்லூரி தாங்கி நிற்பது அந்த வள்ளலின் பெயரைத்தான். 1925-ல் மௌலானா ஸையித் சுலைமான் நத்வி அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பற்றி அந்த மேடையில் உரையாற்றினார்கள். அடுத்து வந்தவர் பிக்தால். இஸ்லாமியக் கலாசாரம், அதன் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் காரணங்கள், சகோதரத்துவம், அறிவியலும் கலையும், சகிப்புத்தன்மை, விதியை நம்பிச் சோம்பியிருப்பவர்கள் என்று முஸ்லிம்கள் மீது சாட்டப்படும் குற்றம், ஆண் பெண் உறவு, இஸ்லாமிய நகரம் என எட்டுப் பொருள்களில் அவர் ஆற்றிய உரைகள் 1927-ல் நூலாயின. 1929-ன் தொடக்கத்தில் அல்லாமா இக்பால் அவர்களும் அதே வரிசையில் சென்னைக்கு வந்தார்கள். ஒரு தோல் வணிகரின் ஹலாலான சம்பாத்தியம் எத்தனை பெரிய அறிஞர்களைத் தமிழ் மண்ணுக்கு வரவழைத்தது பாருங்கள்!

அந்த உரைகளில் பிக்தால் முஸ்லிம்களைப் புகழ்ந்து மட்டும் பேசிவிட்டுப் போகவில்லை. முஸ்லிம்கள் தாழ்ந்ததற்குக் காரணம் இஸ்லாம் அல்ல, இஸ்லாம் வற்புறுத்திய அறிவுத் தேட்டத்தையும் பெண்களுக்கு அது வழங்கிய உரிமைகளையும் அவர்கள் கைவிட்டதே என்று இடித்துரைத்தார். உண்மையை ஆட்சியாளரிடம் சொல்ல ஒரு துணிவு வேண்டும். தம்மை நேசிக்கும் சபையிடம் சொல்ல அதைவிடப் பெரிய துணிவு வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன.

திருமறையின் பொருளை ஆங்கிலத்தில் தந்தது

அது வரை வந்திருந்த ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றை முஸ்லிம் அல்லாதவர்கள் செய்திருந்தார்கள். சிலருடைய நோக்கமே மறுப்பதுதான். ஈமான் கொண்ட ஓர் ஆங்கிலேயரின் கையால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் நடையில், அந்த வேலை நடைபெற வேண்டும் என்று பிக்தால் நெடுநாள் எண்ணியிருந்தார். 1928-ல் நிஜாம் அவர்கள் முழுச் சம்பளத்தோடு இரண்டு ஆண்டு விடுப்பு அளித்தார்கள்.

மொழியில் வல்லவர், புகழ்பெற்ற எழுத்தாளர், அரபியும் தெரிந்தவர். வீட்டில் அமர்ந்தே எழுதி அச்சிட்டுவிடலாம். அப்படிச் செய்யவில்லை. எழுதியதை எடுத்துக்கொண்டு 1929-ல் எகிப்துக்குப் போனார். அல் அஸ்ஹரின் தலைவராயிருந்த ஷைகு முஸ்தஃபா அல்மராகீ அவர்களின் ஆலோசனையைப் பெற்றார். அரபியைத் தாய்மொழியாகக் கொண்டு லண்டனில் கல்வி பயின்ற முஹம்மது அஹ்மது அல்கம்ராவீ என்னும் அறிஞரோடு அமர்ந்து தம் எழுத்து முழுவதையும் திருத்தினார்.

அந்த நாளில் குர்ஆனை வேறு மொழியில் பெயர்ப்பதே கூடுமா கூடாதா என்று எகிப்தில் கடும் விவாதம் நடந்தது. கூடாது என்றவர்களிடத்திலும் நியாயமான அச்சம் இருந்தது. அல்லாஹ்வின் கலாம் அரபியில் இறங்கியது. மொழிபெயர்ப்பு அந்தக் கலாமின் இடத்தைப் பிடித்துவிட்டால், நாளை தொழுகையிலும் அதையே ஓதத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் கவலைப்பட்டார்கள். பிக்தால் இந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளவில்லை. திருக்குர்ஆனை மொழிபெயர்க்க முடியாது என்பதைத் தாமும் ஒப்புக்கொண்டார். தாம் தருவது அதன் பொருளை மட்டுமே என்பதை முன்னுரையில் எழுதினார். நூலுக்கும் கண்ணியமிகு குர்ஆனின் பொருள் என்றே பெயர் வைத்தார். 1930-ல் அது வெளியாயிற்று. எகிப்தில் கருத்து வேற்றுமை அதன் பிறகும் உடனே ஓய்ந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பெயரில் உள்ள அடக்கத்தைப் பிற்காலத்து மொழிபெயர்ப்பாளர் பலர் பின்பற்றினார்கள்.

இன்னொரு நுட்பத்தையும் நாம் கவனிக்க வேண்டும். அல்லாஹ் என்னும் திருநாமத்தை அவர் ஆங்கிலமாக்கவில்லை. நூல் முழுவதும் அப்படியே வைத்தார். பன்மையும் பெண்பாலும் இல்லாத அந்தத் திருப்பெயருக்கு ஈடான சொல் ஆங்கிலத்தில் இல்லை என்பது அவருடைய விளக்கம். சொல்லைத் தேடித் தேடி வைக்கும் எழுத்தாளர், எந்த இடத்தில் தம் மொழி நின்றுவிடுகிறது என்பதையும் அறிந்திருந்தார்.

ஏறக்குறைய இதே காலத்தில் நம் தமிழிலும் ஒரு பெரியவர் இதே பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தார். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதிய மௌலானா ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்கள்தாம் அவர். ஒரு பக்கம் லண்டனில் பிறந்த எழுத்தாளர். மறுபக்கம் தமிழ் மண்ணின் ஆலிம். ஒருவர் ஆங்கிலத்துக்கும் மற்றவர் தமிழுக்குமாக உழைத்த உழைப்பின் பலனை நம் வீட்டு அலமாரிகளில் இன்றும் அனுபவிக்கிறோம். கொடைக்கானல் மலையின் ஆங்கிலப் பள்ளிகளில் படித்துவரும் நம் பிள்ளைகள் குர்ஆனின் பொருளை ஆங்கிலத்தில் கேட்கும்போது, பிக்தாலின் நூலை எடுத்துக் கொடுக்கலாம். அதன் நடை பழைய ஆங்கிலம். சில இடங்களில் பிள்ளைகள் தடுமாறுவார்கள். பக்கத்தில் ஓர் ஆலிமை வைத்துக்கொண்டு படிக்கச் செய்யுங்கள். எழுதியவரே அப்படித்தான் எழுதினார். படிப்பவருக்கு அதில் என்ன குறை?

இறுதி நாட்கள்

1935-ல் ஹைதராபாத் பணியிலிருந்து விடைபெற்று இங்கிலாந்து திரும்பினார். 1936-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடலோர ஊரில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது அறுபத்தொன்று. புரூக்வுட் முஸ்லிம் அடக்கஸ்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த மற்றொரு பெரியார் அப்துல்லா யூசுஃப் அலீ அவர்களும் 1953-ல் அதே மண்ணில் அடக்கமானார்கள்.

வஃபாத்துக்கு முந்திய இரவிலும் பிக்தால் பேனாவைக் கீழே வைக்கவில்லை. சென்னையில் ஆற்றிய அந்த உரைகளைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். பிறகு மேசையை ஒழுங்குபடுத்தியவர்கள் அவர் கடைசியாக எழுதிய வரிகளைப் பார்த்தார்கள். அல்பகறா அத்தியாயத்தின் 112-ஆம் வசனத்தின் பொருள் அங்கே எழுதப்பட்டிருந்தது. தன்னை அல்லாஹ்விடம் முழுமையாக ஒப்படைத்து நன்மையும் செய்கிறவனுக்கு அவனுடைய இறைவனிடம் கூலி உண்டு, அவனுக்கு அச்சமோ துக்கமோ இல்லை என்ற நற்செய்தியைத் தாங்கிய வசனம் அது. ஒரு பத்திரிகாசிரியர் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் வரிகளை எழுதியிருப்பார்! முடிவாக எழுதும் வரி எதுவாக இருக்கும் என்பது எவருடைய கையிலும் இல்லை. அவருக்கு அல்லாஹ் இந்த வரியை நஸீபாக்கினான்.

நாம் ஒவ்வொருவரும் இப்போது ஏதோ ஒரு வகையில் பத்திரிகாசிரியர்களாகிவிட்டோம். ஒரு விரலசைவில் ஊர் முழுக்கச் செய்தி போகிறது. வீட்டிலுள்ள ஆண்களும் பெண்களும் இன்றிலிருந்தே ஒரு பழக்கத்தைக் கைக்கொள்வோமாக. கைக்கு வந்த செய்தியை அனுப்பு முன் சற்று நிறுத்தி மூன்று கேள்விகள் கேட்போம். இதை முதலில் சொன்னவர் யார்? அவர் கண்டாரா, கேட்டாரா? இது பொய்யாக இருந்தால் யாருக்குத் தீங்கு? பதில் தெரியாவிட்டால் அந்தச் செய்தி நம்மோடு நின்றுவிடட்டும். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமின் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. நாம் கடைசியாக அனுப்பிய செய்தி எது என்று இன்றிரவு உறங்குமுன் ஒரு முறை எடுத்துப் பார்ப்போம். அது நம் வாழ்வின் கடைசி வரியாக அமைந்துவிட்டால் அல்லாஹ்வின் முன் அதை ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருமா?

நம்முடைய நாவையும் பேனாவையும் விரல்களையும் வல்ல நாயன் பொய்யிலிருந்து காப்பானாக! மர்ஹூம் அவர்களின் பணியை ஏற்று, அவர்களுடைய கப்றை ஒளியால் நிரப்புவானாக! ஆமீன்.